தாத்தாவின் உலையும் என் உலையும்

போன வாரம் என் பொண்ணு கேட்டாள், "அப்பா, கேஜிஎஃப்னா அந்த சினிமாதானே?" 2018-ல் வந்த படத்தைச் சொல்கிறாள். சிரிப்பு வந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது. "இல்லடா, அது உன் கொள்ளுத்தாத்தா வேலை பார்த்த ஊர்" என்று ஆரம்பித்தேன். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலுக்கு வந்தது. வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து நம் சனங்கள் பிழைப்புத் தேடிப் போனார்கள். போகப் போக சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் சுடும்.

என் தாத்தாவுக்கு மேலே பட்டறையில் வேலை. மழுங்கி வரும் டிரில் கம்பிகளை அடித்துக் கூராக்க வேண்டும். கம்பி நுனியைச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்குவார். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் நுனியை மட்டும் முக்கி எடுத்து, மேலே மிச்சமிருக்கும் சூடு கீழே இறங்குவதைப் பார்ப்பார். வைக்கோல் நிறம் வந்ததும் மறுபடி தண்ணீர். நீலம் வரை விட்டால் மெத்தென்று ஆகிவிடும். இரும்பு அதேதான், ஆனால் சில நொடியில் குணமே மாறிவிடும். கம்பி உடைந்து உள்ளே மாட்டினால் அந்தத் துளையே வீண்.

நான் இப்போது ஸ்வீடனில், அதே வேலையின் பேரப்பிள்ளை மாதிரி ஒன்றைச் செய்கிறேன். டங்ஸ்டன் கார்பைடு. 1923-ல் ஜெர்மனியில் கார்ல் ஷ்ரோட்டர் இதில் கோபால்ட் சேர்த்தார். 1926-ல் க்ரூப் கம்பெனி 'விடியா' என்று விற்றது. 'வைரம் போல' என்று அர்த்தம். எஃகு தளர்ந்துவிடும் செஞ்சூட்டிலும் இது கடினமாகவே இருக்கும்.

செய்முறை இதுதான். இரண்டு பொடியையும் சேர்த்து அரைத்து, அச்சில் அழுத்தி, 1400 டிகிரி வாக்கில் சுடுகிறோம். கோபால்ட் உருகி மணிகளை ஒட்டும். மணி பெரிதாகவும் கோபால்ட் அதிகமாகவும் இருந்தால் அடியைத் தாங்கும், ஆனால் சீக்கிரம் தேயும். மணி சிறிதாகவும் கோபால்ட் குறைவாகவும் இருந்தால் தேயாது, ஆனால் உடையும். கரி கொஞ்சம் குறைந்தால் நொறுங்கும் தன்மையுள்ள வேறொரு கலவை உண்டாகும். கூடினால் கிராஃபைட் புள்ளிகள் விழும். உள்ளே சின்ன ஓட்டை இருந்தாலும் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

கடினமா, உறுதியா? இரண்டும் சேர்ந்து சும்மா கிடைத்துவிடாது. எனக்கு அதைச் சொல்ல நுண்ணோக்கியும் கணினியும் இருக்கின்றன. தாத்தாவுக்குக் கண் மட்டும்தான். அவரைக் கூலிக்காரர் என்றுதான் சொன்னார்கள், ஒருவரும் உலோகவியலாளர் என்று சொல்லவில்லை.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியது. சயனைடு மண் மேடுகள் இன்னும் நிற்கின்றன. ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தங்கத்தைப் பற்றி மட்டும் சொல்லாமல், அதைத் தோண்டிய கம்பிக்கு உயிர் கொடுத்த கைகளைப் பற்றியும் சொல்லுங்கள்.