கூடி வாசித்த கூடங்கள்

செட்டிநாடு என்றதும் பலருடைய நினைவுக்கு வருபவை மூன்று: தேக்குமரத் தூண்கள் தாங்கி நிற்கும் பெரிய வீடுகள், காரமும் மணமும் நிறைந்த சமையல், கண்டாங்கிச் சேலை. இம்மூன்றையும் நாடி இன்று வெளிநாட்டினரும் வெளிமாநிலத்தவரும் காரைக்குடிக்கு வருகின்றனர். பூட்டிக் கிடந்த வீடுகள் சில தங்கும் விடுதிகளாகத் திறக்கப்பட்டுள்ளன. 1999இல் காரைக்குடி 'பங்களா' விருந்தினர் விடுதியானது. கானாடுகாத்தானிலும் வேறு ஊர்களிலும் இத்தகைய முயற்சிகள் தொடர்ந்தன. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. 2024இல் காரைக்குடி மாநகராட்சியாயிற்று. நகரம் மீண்டும் கண் விழிக்கிறது என்று நாம் மகிழலாம்.

ஆனால் செட்டிநாட்டின் பெருமைகளுள் நான்காவது ஒன்று உண்டு. அதைத் தேடி எவரும் சுற்றுலா வருவதில்லை. அது மக்கள் கூடி வாசித்த கூடம். அதன் வரலாற்றைச் சற்று திரும்பிப் பார்ப்பது, புத்துயிர் பெறும் இந்நகருக்கும், இம்மண்ணில் வாழும் திருச்சபைக்கும் பயனளிக்கும் என்று நம்புகிறோம்.

திண்ணையிலிருந்து சங்கத்திற்கு

நகரத்தாரின் வாணிகம் பர்மா, மலேயா, இலங்கை, வியட்நாம் ஆகிய நாடுகளில் பரவியிருந்தது. மேலாளாகவும் அடுத்தாளாகவும் கடல் கடந்து சென்ற இளைஞர்கள் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில் பணி செய்து ஊர் திரும்பினர். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அவர்கள் தங்கியிருந்த இடத்திற்குக் கிட்டங்கி என்று பெயர். ஒரே நீண்ட கூடத்தில் பல கடைக்காரர்கள் ஆளுக்கொரு கணக்குப் பெட்டியுடன் அமர்ந்து தொழில் செய்வர். இரவில் அங்கேயே உறங்குவர். தனித்தனிக் கணக்கு, ஆனால் பொதுக் கூடம். ஊரிலோ, வீட்டு முகப்பின் திண்ணை வழிப்போக்கருக்கும் அண்டை வீட்டாருக்கும் இடமளித்தது. ஒன்றாய் அமரும் பழக்கம் இம்மக்களுக்குத் தொழிலிலும் வீட்டிலும் ஊறியிருந்தது.

அப்பழக்கத்தோடு நூலும் சேர்ந்தபோது புதியதொரு நிறுவனம் பிறந்தது. 1909இல் மேலைச்சிவபுரியில் பண்டிதமணி மு. கதிரேசஞ் செட்டியாரின் முயற்சியால் சன்மார்க்க சபை தோன்றியது. 1917இல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் நிறுவப்பட்டது. அதனைத் தொடங்கிய இளைஞர்களுள் முன்னின்ற ராய. சொக்கலிங்கத்திற்கு அப்போது வயது இருபதைக் கூட எட்டவில்லை. அன்னி பெசன்ட் அம்மையாரின் தன்னாட்சி இயக்கம் நாடெங்கும் கிளர்ச்சியூட்டிய காலம் அது. செய்தித்தாள்கள் தமிழில் பெருகிக்கொண்டிருந்தன. கணக்கெழுதப் பழகிய கைகள் கட்டுரை எழுதவும் துடித்தன. பணம் இருந்தது, படிப்பார்வம் இருந்தது, உலகைக் கண்டு வந்த கண்களும் இருந்தன. இவை ஒன்றுகூட ஓர் இடம் தேவைப்பட்டது. சங்கம் அந்த இடமாயிற்று.

பெயரில் சமயம் இருந்தாலும், சங்கத்தின் உழைப்பு சமயச் சொற்பொழிவோடு நின்றுவிடவில்லை. தமிழ், நாட்டு விடுதலை, சமூகச் சீர்திருத்தம் ஆகியவற்றுக்கும் அது தாயகமாக விளங்கியது. 1919 நவம்பரில் கடையத்திலிருந்து செட்டிநாட்டுக்கு வந்த பாரதியாரைச் சங்கத்தார் காரைக்குடியில் வரவேற்றனர். அவர் சங்கத்தை வாழ்த்திப் பாடல் இயற்றினார். அப்போது எடுக்கப்பட்ட நிழற்படங்கள், இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சில பாரதி படங்களுள் அடங்கும். ஆங்கில அரசின் கண்காணிப்புக்கு உள்ளாகியிருந்த ஒரு கவிஞரை அழைத்து அமர்த்துவதற்குத் துணிவு வேண்டும். வணிகக் குடும்பத்து இளைஞர்கள் அத்துணிவைக் காட்டினர்.

1927இல் காந்தியடிகள் செட்டிநாட்டுக்கு வந்தார். இல்லங்களில் நிறைந்து கிடந்த வெளிநாட்டு ஆடம்பரப் பொருள்களைக் கண்டு அவர் வருந்திப் பேசினார். மாளிகைகளைக் கண்டு வியப்பதற்கு மட்டுமே நாம் பழகிவிட்ட இந்நாளில், அவ்வருத்தத்தையும் நினைவில் கொள்வது நலம்.

பேச்சிலிருந்து செயலுக்கு

கூடிப் படித்தவர்கள் வெறுமனே கலைந்து போகவில்லை. சொ. முருகப்பாவும் ராய. சொக்கலிங்கமும் இதழாசிரியர்களாயினர். 'ஊழியன்', 'குமரன்' முதலிய இதழ்கள் காரைக்குடி மண்ணின் விளைச்சல்கள். சிறுகதை மன்னர் புதுமைப்பித்தனும் 'ஊழியன்' இதழில் சிறிது காலம் பணியாற்றினார். கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் இரங்கூனில் 'தன வணிகன்' இதழை நடத்தினார். உலகெங்கும் அலைந்து படச்சுருள்களைத் திரட்டிக் காந்தியடிகளைப் பற்றிய ஆவணப் படத்தை 1940இல் வெளியிட்டார். 1943இல் 'குமரி மலர்' தொடங்கினார்.

இவற்றுள் நம் சிந்தைக்கு மிக நெருக்கமானது வேறொன்று. சிறு வயதில் கணவனை இழந்த பெண்கள் வீட்டின் இருண்ட கட்டுகளில் காலம் கழித்த சமுதாயம் அது. சொ. முருகப்பா கைம்பெண் ஒருவரையே மணந்தார். 1930களில் அவரும் மனைவி மரகதவல்லியாரும் மாதர் மறுமணத்திற்கென ஓர் இயக்கத்தையும் அதற்கென ஓர் இதழையும் நடத்தினர். வாசிப்பு ஒரு பொழுதுபோக்காக நின்றிருந்தால் இது நிகழ்ந்திராது. நூலைப் படித்தவன் பக்கத்திலிருப்பவனோடு வாதிட்டான். வாதிட்டவன் தன் வீட்டு நிலையைத் திரும்பிப் பார்த்தான். பார்த்தவர்களுள் சிலர் செயலில் இறங்கினர். வாசிக்கும் கூடத்தின் இயல்பே இதுதான்.

1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் அம்முயற்சிக்கு உரமூட்டினார். பங்குனி மாதத்தில் காரைக்குடியில் தொடங்கும் விழா, கம்பனின் சமாதி எனப் போற்றப்படும் நாட்டரசன்கோட்டையில் நிறைவுறுவது மரபு. குறித்த மணிக்குத் தொடங்கி, குறித்த மணிக்கு முடிப்பதில் கணேசன் காட்டிய கண்டிப்பு தமிழகம் அறிந்தது. அதைவிடப் பெரியது அம்மேடையின் அகலம். பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் அங்கே கம்பனைப் பேசினார். இசுலாமியரான நீதிபதி மு.மு. இஸ்மாயீல் கம்பனில் தோய்ந்து பேசினார். இராமகாதை ஒரு சமயத்தாரின் நூல்தான். எனினும் அதைச் சுற்றி அமர்ந்தவர்கள் பல சமயத்தார், பல கொள்கையர். நூல் நடுவில் இருந்ததால் அவர்களால் ஒன்றாய் அமர முடிந்தது.

தனி ஒருவரின் கருவூலம்

கூடம் கட்டிக் கூடியவர்கள் ஒருபுறமிருக்க, தம் வீட்டையே கூடமாக்கியவர்களும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் ஈடுபட்டிருந்தவர். பழைய புத்தகக் கடைகளில் அலைந்து நூல்களை வாங்கிச் சேர்த்தார். நூல்களோடு நிற்காமல், பிறர் குப்பையென எறிந்த நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள், பழைய இதழ்கள் ஆகியவற்றையும் தொகுத்தார். ஆய்வாளர்கள் கோட்டையூர் தேடி வந்து பயன்பெற்றனர். 1992இல் அவர் மறைந்தபின், 1994இல் சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. வாங்கியதைக் கடல் கடத்திச் செல்லாமல் தமிழகத்திலேயே வைத்தது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. தமிழுக்கு அது பெரும்பேறு. எனினும் கோட்டையூர் அதை இழந்தது என்பதும் உண்மையே.

மற்றொருவர் வ.சுப. மாணிக்கம். இளமையில் இரங்கூனில் கடை வேலை பார்த்தவர். முதலாளிக்காகப் பொய் சொல்ல மறுத்ததால் வேலையை விட்டு ஊர் திரும்பினார் என்பது தமிழறிஞர் வட்டத்தில் வழிவழியாகப் போற்றப்படும் செய்தி. பண்டிதமணியிடம் தமிழ் பயின்று, காரைக்குடி அழகப்பா கல்லூரியில் பணியாற்றி, பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். தாம் சேர்த்த நூல்களை அழகப்பா பல்கலைக்கழகத்திற்கு வழங்கினார். வணிகத்தில் உண்மையை விற்க மறுத்தவர் நூல்களைத் தமக்கென வைத்துக்கொள்ளவும் மறுத்தார்.

கதவுகள் அடைபட்ட காலம்

இத்தனையும் கடல் கடந்த செல்வத்தின்மீது நின்றவை. 1930களின் பொருளாதார மந்தத்தில் பர்மிய உழவர்கள் கடனைத் திருப்ப இயலாமற் போக, அவர்களது நிலங்கள் செட்டியார் கைக்கு வந்தன. 1938இல் கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் விளையும் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. நிலம் இழந்த உழவனின் கண்ணீரையும் இவ்வரலாற்றிலிருந்து நாம் அழித்துவிட முடியாது. 1941 டிசம்பரில் சப்பானியர் இரங்கூன்மீது குண்டு வீசினர். போருக்குப் பின் நிலங்கள் நாட்டுடைமையாயின. 1960களில் வணிக நிறுவனங்களும் அவ்வாறே ஆயின.

அதன்பின் செட்டிநாட்டு வீடுகள் பூட்டப்பட்டன. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலர் உரிமையாளர் ஆயினர். பராமரிக்க முடியாத வீடுகள் இடிக்கப்பட்டுத் தூண்களும் கதவுகளும் விலைபோயின. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அவற்றின் மிச்சங்களை இன்றும் காணலாம். தூணுக்கு விலை கொடுப்போர் இருந்தனர். பழந்தாளுக்கு விலை எடைக்கணக்கில்தான்.

காப்பியும் புத்தகமும்

புத்துயிர் பெறும் நகர்களில் புத்தகக் கடையையும் பருகுமிடத்தையும் ஒன்றாக்கி, மக்கள் கூடும் இடமாக்கும் வழக்கம் மேலைநாடுகளில் இன்று பரவி வருகிறது. சில இடங்களில் மதுவும் பரிமாறுகின்றனர். அதன் வேர் பழமையானது. 1652இல் இலண்டனில் முதல் காப்பிக்கடை திறக்கப்பட்டது. ஒரு கோப்பை வாங்கியவன் செய்தித்தாள் படிக்கலாம், அயலானோடு அரசியல் பேசலாம். அப்பேச்சுக்கு அஞ்சிய மன்னர் இரண்டாம் சார்லசு 1675இல் காப்பிக்கடைகளை மூட ஆணையிட்டார். எதிர்ப்பு வலுக்கவே சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. நம் நாட்டில் கொல்கத்தாவின் கல்லூரித் தெருவில் புத்தகக் கடைகளுக்கு நடுவே 1942இல் எழுந்த காப்பிக் கூடம் தலைமுறை தலைமுறையாக எழுத்தாளர்களையும் மாணவர்களையும் ஈர்த்துள்ளது.

மது நமக்கு வேண்டா. குடும்பங்களை அது அழிப்பதை நம் பங்குகளிலேயே காண்கிறோம். காப்பியே போதும். ஆனால் காப்பிக்கும் ஒரு வரலாறு உண்டு. தமிழகத்துக் காப்பிக் கிளப்புகளில் சாதிக்கொரு இடம் ஒதுக்கப்பட்டிருந்த நாள்களை மறந்துவிடலாகாது. 1957இல்கூடச் சென்னைத் திருவல்லிக்கேணியில் 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகையை எதிர்த்துப் பெரியார் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. செட்டிநாட்டுச் சங்கங்களும் பெரும்பாலும் வசதி படைத்த ஆண்களின் கூடங்களாகவே தொடங்கின. ஆகவே பழைய கூடத்தை அப்படியே மீண்டும் எழுப்புவது போதாது. அதன் வாயிலை அகலமாக்க வேண்டும்.

உணர முடிகிறதா?

நம் திருச்சபைக்கு இதில் என்ன பங்கு என்று சிலர் வினவலாம். இந்திய மொழிகளுள் அச்சேறிய முன்னோடி நூல்களுள் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதனை ஆக்கியவர் இயேசு சபைத் துறவி அன்றீக்கு அடிகளார். தனிநாயகம் அடிகளார், செட்டிநாட்டரசர் அண்ணாமலை செட்டியார் தோற்றுவித்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றவர். பின்னர் உலகத் தமிழராய்ச்சிக்கு வழிவகுத்தார். சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் பாடிய 'இயேசு காவியம்' அவர் மறைந்தபின் 1982இல் திருச்சி கலைக்காவிரி வழியாக வெளிவந்தது. நூல் வழியாக நாமும் இம்மண்ணும் ஒருவருக்கொருவர் கடன்பட்டிருக்கிறோம்.

திருத்தூதர் பணிகள் நூலில் ஒரு காட்சி வருகிறது. எத்தியோப்பிய அதிகாரி ஒருவர் தேரில் அமர்ந்து எசாயாவின் நூலை வாசிக்கிறார். வாசிப்பது புரிகிறதா எனப் பிலிப்பு கேட்க, விளக்குவாரின்றி எவ்வாறு புரியும் என்று அவர் விடையளிக்கிறார். தேரில் ஏறித் தம்மோடு அமருமாறு பிலிப்பை வேண்டுகிறார். அவரிடம் ஏடு இருந்தது. பக்கத்தில் அமர ஆள் இல்லை. அதே நூலில், தொழுகைக் கூடத்தில் எதிர்ப்பு எழுந்தபோது பவுல் எபேசு நகரில் திரன்னு என்பவருடைய கூடத்திற்குச் சென்று ஈராண்டுகள் நாள்தோறும் உரையாடியதாகப் படிக்கிறோம். அது கோயில் அன்று. ஊரார் எவரும் வந்து கேட்கக்கூடிய பொதுக்கூடம்.

இன்று நம் கைப்பேசியில் நூல்கள் ஆயிரம் உண்டு. அந்த அதிகாரியின் ஏட்டைப்போல அவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பக்கத்தில் அமர்வார்தாம் குறைந்து வருகின்றனர். அண்டை வீட்டான் எந்தச் சமயத்தவன் என்பதே முதற்கேள்வியாகிவிட்ட நாளில், அவனோடு ஒரு நூலைப் பகிர்ந்து படிக்க இடமின்மை சிறிய இழப்பன்று.

எனவே நாம் முன்வைப்பது எளிய வேண்டுகோள். மரபு வீடுகளைத் திறப்பவர்கள் அவற்றில் ஓர் அறையை ஊர் மக்களுக்கும் திறக்கட்டும். பயணிக்கு வீடு காட்டும் ஊர், தன் பிள்ளைக்கு நூல் காட்டவும் வேண்டும். நம் பங்குகளிலும் ஞாயிறு தவிர மற்ற நாள்களில் பூட்டிக் கிடக்கும் மன்றங்கள் உண்டு. மாலையில் இரண்டு மணி நேரம் அவற்றைத் திறந்து, நான்கு செய்தித்தாள்களும் ஓர் அலமாரி நூல்களும் வைத்து, சூடான காப்பி கொடுத்தால் போதும். இந்து, இசுலாமியர், கிறித்தவர், கட்டடத் தொழிலாளி, கல்லூரி மாணவி எனும் வேறுபாடின்றி வருவோரை அமரச் செய்வோம். 1917இல் காரைக்குடி இளைஞர்களிடம் இருந்ததைவிட நம்மிடம் இடமும் வசதியும் கூடுதலாகவே உள்ளன. மன்றத்தின் சாவி நம் கையில் இருக்கிறது.