வங்கத்து உதைபந்தாட்டமும் நூற்றாண்டுப் பகையும்

சமய வாலிபர் சங்கத்தின் ஆண்டு மலரில் உதைபந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் வினவலாம். வினவுதல் நியாயமே. எனினும், மனிதன் தன்னோடொத்த மனிதனை எப்பொழுது அயலானாகக் காணத் தொடங்குகின்றான் என்பதை அறிய விரும்புவோர்க்கு விளையாட்டு மைதானத்தினும் சிறந்த பாடசாலை வேறில்லை. அப்பாடத்தை நாம் பிறர் சரித்திரத்திற் படிக்குமுன் எமது சொந்த அனுபவத்திலேயே படித்தோம்.

நாம் கற்ற மிஷன் பாடசாலையில் ஆண்டுதோறும் நடைபெறும் பெரிய ஆட்டத்தின்போது, எதிரணியில் ஒரு மாணவன் மிகத் திறமையாக ஆடினான். அவன் இடம்பெயர்ந்தோர் முகாமில் வளர்ந்தவன் என்பது எம்மவர் சிலர்க்குத் தெரிந்திருந்தது. பந்து அவன் காலுக்கு வந்தபோதெல்லாம் எமது பக்கத்திலிருந்து, "முகாமுக்குப் போடா!" என்ற கூச்சல் எழுந்தது. நாம் கூவவில்லை, ஆனால் சிரித்தோம். இடப்பெயர்வின் கதைகளைத் தாய் தந்தையர் வாயிலாகக் கேட்டு வளர்ந்த நாமே அன்று சிரித்தோம். பல்கலைக்கழகம் புகுந்து, வங்கத்தின் சரித்திரத்தைப் படிக்க நேர்ந்தபோது, அந்தச் சிரிப்பு எம்மை மிகவும் உறுத்திற்று. அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா மாநகரில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என இரு பெருங் கழகங்கள் உள. இவற்றின் அபிமானிகளிடையே நூறாண்டு கடந்த பகை ஒன்று நிலவுகின்றது. இப்பகையை அவர்கள் கைவிடல் வேண்டுமா, அன்றிப் பேணல் வேண்டுமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

மோகன் பகான் 1889ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் நாள் தோன்றியது. அந்நியர் ஆட்சி நடைபெற்ற அக்காலத்தில், அந்நியர் கொணர்ந்த ஆட்டத்திலேயே அவர்களை வெல்லுதல் இயலுமென்று காட்டிய பெருமை இக்கழகத்துக்கு உரியது. 1911 யூலை 29இல், ஐ. எப். ஏ. கேடயத்துக்கான இறுதி ஆட்டத்தில், கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவின் அணியை மோகன் பகான் 2–1 என்ற கணக்கில் வென்றது. தலைவர் ஷிப்தாஸ் பாதுரி ஒரு கோலும், அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலும் போட்டனர். பதினொருவரிற் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர்; பாதணி அணிந்து ஆடியவர் கிறித்தவரான சுதீர் சட்டர்ஜி ஒருவரே. அன்று கிழக்கு வங்கத்தார், மேற்கு வங்கத்தார் என்ற பேதமின்றி வங்கம் முழுவதும் அவ்வெற்றியைத் தன் வெற்றியாகக் கொண்டாடிற்று. இதனை நினைவில் இருத்துதல் வேண்டும். பகை தோன்றுமுன் ஒரு பொதுப் பெருமிதம் இருந்தது.

பகையின் வித்து ஒரு சிறு சம்பவம். 1920 யூலையில் மோகன் பகானை எதிர்த்து ஆடவிருந்த ஜோராபகான் என்னுங் கழகம், சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை அணியினின்றும் நீக்கியது. அக்கழகத்தின் உபதலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி அவரைச் சேர்க்குமாறு கேட்டும் பயனில்லை. இருவரும் கிழக்கு வங்கத்தவர். அக்காரணத்தாலேயே இப்புறக்கணிப்பு நேர்ந்தது என்று கருதிய சௌத்ரி, ஒத்த கருத்தினர் சிலரோடு வெளியேறி, ஓகஸ்ட் முதலாம் நாள் ஈஸ்ட் பெங்கால் கழகத்தை நிறுவினார். கழகத்தின் பெயரே தாயகத்தின் பெயராயிற்று. கல்கத்தா லீக்கின் முதற் பிரிவில் இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் இடம்பெறலாகாது என்ற ஒரு தடையும் அக்காலத்தில் இருந்தது. அத்தடை தளர்ந்த பின்னரே ஈஸ்ட் பெங்கால் முதற் பிரிவுக்குள் நுழைந்தது. 1925 மே மாதத்தில் லீக் ஆட்டத்தில் இரு கழகங்களும் முதன்முறை சந்தித்தபோது, புதிய கழகமே 1–0 என வென்றது.

இவ்வளவில் நின்றிருப்பின் இஃது ஏனைய விளையாட்டுப் போட்டிகளைப் போன்ற ஒன்றாகவே முடிந்திருக்கும். 1947ஆம் ஆண்டு வங்கம் இரண்டாகப் பிளவுபட்டது. கிழக்கிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் வீடு, வயல், குளம், கோயில் யாவற்றையும் விட்டுக் கல்கத்தாவை வந்தடைந்தனர். சியால்டா புகையிரத நிலையத்தின் மேடைகளிலே குடும்பங்கள் படுத்துறங்கின. நகரின் தென்புறத்தில் விஜய்கட் முதலிய அகதிக் குடியிருப்புகள் எழுந்தன. பழங்குடிகள் 'கோட்டி' எனவும், வந்தேறியோர் 'பாங்கால்' எனவும் அழைக்கப்பட்டனர். பேச்சின் ஓசையால் எள்ளப்பட்ட அம்மக்களுக்கு, இழந்த நாட்டின் பெயரைத் தாங்கிய ஒரே பொருளாக எஞ்சியது ஓர் உதைபந்தாட்டக் கழகம். சனிக்கிழமை மாலைகளில் மைதானத்தில் செம்மையும் பொன்மையுமான கொடி உயரும்போது, அகதி என்று வாரம் முழுதும் ஏச்சுக் கேட்டவன் தலை நிமிர்ந்தான். அடுப்படி வரை இப்பிரிவு சென்றது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீனும், மோகன் பகான் வென்றால் இறாலும் சமைப்பது வழக்கமாயிற்று.

ஆகவே, "இஃதென்ன, ஒரு பந்துக்காக இத்தனை பகையா?" என்று தூர நின்று கேலி செய்வோர் உண்மையை அறியாதவர். அப்பந்துக்குப் பின்னால் ஒரு நாட்டின் பிரிவினை நின்றது. அகதியின் அபிமானம் வெறும் விளையாட்டு வெறி அன்று. அது மானத்தின் குரல். இதனை யாம் முதற்கண் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

ஆனால் சரித்திரம் இன்னொன்றையும் காட்டுகின்றது. பகைக்கு ஆதாரமாகக் கூறப்படும் எல்லைக்கோடு மைதானத்தில் ஒருநாளும் நேராக ஓடியதில்லை. மோகன் பகானின் பின்வரிசையில் நின்று, சீனப் பெருஞ்சுவர் எனப் புகழப்பட்ட கோஷ்ட பால் பிறந்தது கிழக்கு வங்கத்துப் பரீத்பூரில். தம் வாழ்நாள் முழுதும் மோகன் பகானுக்கன்றி வேறு கழகத்துக்கு ஆடாத சுனி கோஸ்வாமி பிறந்தது இன்று வங்காளதேசத்திலுள்ள கிஷோர்கஞ்சில். அக்கழகத்தின் மற்றொரு தூணாகிய ஜர்னெயில் சிங், பஞ்சாபின் லயல்பூரிலிருந்து பிரிவினையின்போது ஓடிவந்த குடும்பத்துப் பிள்ளை. 'அகதிகளின் எதிரி' என்று தூற்றப்பட்ட கழகத்தைத் தாங்கி நின்றவர் ஓர் அகதி!

மறுபுறமும் இவ்வாறே. ஈஸ்ட் பெங்கால் கழகம் 1949 முதல் 1951 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ. எப். ஏ. கேடயத்தை வென்ற காலத்தில், அதன் முன்வரிசை ஐவரைப் பஞ்ச பாண்டவர் என்று வங்க மக்கள் போற்றினர். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அஹமத் கான், சாலே என்னும் அவ்வைவரும் தென்னாட்டினர். பத்மா நதியின் நீரை அவர்களில் ஒருவரேனும் பிறந்த ஊரிற் பருகியவரல்லர். பாண்டவருள் இருவர் இஸ்லாமியர் என்பதும் நோக்கத்தக்கது. அபிமானிகள் பிறப்பைப் பார்த்துப் பகைத்தனர். கழகங்களோ காலின் திறமையைப் பார்த்தே ஆளெடுத்தன.

இனி, இப்பகைக்குக் கொடுத்த விலையைப் பார்ப்போம். 1975 செப்டெம்பர் 30இல், கேடய இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5–0 என வென்றது. தோல்வியைத் தாங்காத மோகன் பகான் அபிமானி ஒருவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். 1980 ஓகஸ்ட் 16இல், ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் நடைபெற்ற லீக் ஆட்டத்தில் இரு அணியினரிலும் ஒவ்வொருவர் மோதிக்கொண்டனர். நடுவர் இருவரையும் வெளியேற்றினார். களத்தில் மூண்ட பொறி பார்வையாளர் மேடையிற் பற்றிக்கொண்டது. கைகலப்பு, கல்லெறி, நெரிசல். ஆட்டம் பார்க்கச் சென்றவர்களில் 16 பேர் வீடு திரும்பவில்லை. 2012 டிசெம்பர் 9இல், மேடையிலிருந்து எறியப்பட்ட கல் மோகன் பகான் வீரர் ரஹீம் நபியின் முகத்தைக் காயப்படுத்தியது; இடைவேளையோடு ஆட்டம் நின்றது. அந்நபி முன்னர் ஈஸ்ட் பெங்காலின் சீருடையணிந்து ஆடியவர். எந்தக் கூட்டம் அவரை ஒருகாலத்தில் வாழ்த்திற்றோ, அதே கூட்டத்தின் ஆட்டத்திலேயே அவர் இரத்தம் சிந்தினார்.

பகையைப் பேணல் வேண்டும் என்போர் கூறும் நியாயத்தையும் கேட்டல் முறை. "காரமில்லாத கறியும், பகையில்லாத ஆட்டமும் சுவையா? பகை ஒழிந்தால் மைதானம் வெறுமையாகும்" என்கின்றனர். 1997 யூலை 13இல், பெடரேஷன் கிண்ண அரையிறுதி ஆட்டத்தைக் காணச் சால்ட் லேக் அரங்கிலே 131,781 பேர் திரண்டனர். பைச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் போட, ஈஸ்ட் பெங்கால் 4–1 என வென்றது. இப்பெருந்திரளை ஈர்த்தது போட்டியே என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயின் போட்டி வேறு, பகை வேறு. போட்டி எதிரியைத் தனக்கு நிகராக மதிக்கின்றது; அவன் நன்றாக ஆடல் வேண்டுமென்று உள்ளூர விரும்புகின்றது. பகையோ எதிரி இல்லாது போதல் வேண்டுமென்று விரும்புகின்றது. எதிரி இல்லாது போனால் என்னாகும்? 2020 நவம்பர் 27இல், கொள்ளைநோய் காரணமாக இவ்விரு அணிகளும் கோவாவில் வெற்று இருக்கைகளின் முன் ஆடின. கோல் விழுந்தது, ஆர்ப்பரிக்க ஒருவருமில்லை, துயருறவும் ஒருவருமில்லை. எதிர்த்தரப்பாரின் கூக்குரலும் தமது திருவிழாவின் ஒரு பங்கே என்பதை அன்று இரு சாராரும் உணர்ந்திருப்பர்.

போட்டியாளர் ஒன்றுகூடினால் விளையும் நன்மைக்குச் சான்று 1962ஆம் ஆண்டு. ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் சுனி கோஸ்வாமி தலைமை தாங்கிய இந்திய அணியில் மோகன் பகானின் ஜர்னெயிலும், ஈஸ்ட் பெங்காலின் ராம் பகதூரும் துளசிதாஸ் பலராமும் தோளோடு தோள் நின்றனர். செகந்தராபாத்திற் பிறந்த பலராம் தமிழ்ப் பெற்றோரின் மகன் என்பது எமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பயிற்றுநர் சையத் அப்துல் ரஹீம். தலையிற் காயத் தையலோடு ஆடிய ஜர்னெயில் ஒரு கோலும், பி. கே. பானர்ஜி ஒரு கோலும் போட, தென் கொரியாவை 2–1 என வென்று இந்தியா தங்கப்பதக்கம் பெற்றது.

ஆட்டக்காரர் செய்ததை அபிமானிகளும் செய்யவல்லரோ? 2024 ஓகஸ்ட் 9இல், கல்கத்தா மருத்துவமனையொன்றிற் பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொலையுண்டார். நகரம் கொதித்தது. ஓகஸ்ட் 18இல் நடக்கவிருந்த இரு கழகங்களின் ஆட்டம் பாதுகாப்புக் காரணங்காட்டி நிறுத்தப்பட்டது. ஆட்டம் நின்றது, அபிமானிகள் வந்தனர். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், மொகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய முக்கழகத்தாரும் அரங்கின் வெளியே கூடி, கொலையுண்ட பெண்ணுக்கு நீதி கேட்டு ஒரே குரலில் முழங்கினர். பொலிஸார் தடியடி நடத்தினர். மோகன் பகான் சீருடையணிந்தவன் தோள்மீது ஈஸ்ட் பெங்கால் சீருடையணிந்தவன் அமர்ந்து முழங்கிய காட்சியை உலகம் கண்டது. ஒரு மாலையின் ஒற்றுமை நூற்றாண்டுப் பகையைத் தீர்த்துவிட்டது என்று கூறுதல் பேதைமை. ஆனால் தீர்க்க முடியாதது என்ற வாதம் அம்மாலையோடு பொய்த்தது.

ஆதலின் எமது முடிவு இது. கொடிகள் இரண்டும் பறக்கட்டும். இலிஷும் இறாலும் சமைக்கப்படட்டும். தோற்றவனைச் சற்றே கேலி செய்தலும் இருக்கட்டும். கைவிடத்தக்கவை இரண்டு. பழங்குடியின் வழித்தோன்றல், 'அகதி' என்ற ஏச்சைக் கைவிடல் வேண்டும். ஏனெனில் அது கழகத்தை ஏசுவதன்று, ஒருவன் பாட்டனின் கண்ணீரை ஏசுவது. அகதியின் வழித்தோன்றல், பாட்டன் பட்ட துயரைக் கல்லாக்கி எறிதலைக் கைவிடல் வேண்டும். ஏனெனில் அத்துயர் நினைவில் வைக்கத்தக்கது, கையில் எடுக்கத்தக்கதன்று. பாரதப் போரிலும் பொழுது சாய்ந்ததும் படைக்கலம் வைத்தல் முறையென வகுத்தனர். ஆட்டத்துக்கு அம்முறை இல்லாதிருத்தல் ஆகுமோ?

1980இல் மாண்ட 16 பேரின் நினைவாக, ஆண்டுதோறும் ஓகஸ்ட் 16இல் கல்கத்தாவில் இரத்ததான முகாம் நடைபெறுகின்றது. இரு கழகத்து அபிமானிகளும் கை நீட்டி இரத்தம் வழங்குகின்றனர். போத்தலில் நிறைந்த இரத்தம் எக்கழகத்தானுடையது என்று அதனைப் பெறும் நோயாளி கேட்பதில்லை.

வாலிப அன்பர்களே, எமது மைதானங்களிலும் ஆண்டுதோறும் கொடிகள் உயர்கின்றன. அடுத்த பெரிய ஆட்டத்தின்போது எமது பக்கத்திலிருந்து மீண்டும் ஒருவன் "முகாமுக்குப் போடா" என்று கூவக்கூடும். அப்போது சிரியாதிருத்தல் போதாது. அவன் தோளைத் தொட்டு, "தம்பி, பந்தைப் பார்" என்று சொல்லுதல் வேண்டும். அன்று நாம் சொல்லத் தவறியது அதுவே.