கலைஞர் கனவு இல்லம் (விருதுநகர் மாவட்டம்)

ஊரகக் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கத் தமிழ்நாடு அரசு 2024இல் தொடங்கிய திட்டம். வீட்டின் அளவு 360 சதுர அடி, உதவித்தொகை மூன்றரை லட்சம் ரூபாய், 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. சொந்த இடமோ பட்டாவோ உள்ளவருக்கே வீடு என்பதால், நிலமே இல்லாத குடும்பத்திற்குப் பட்டாதான் முதல் தேவை. அதைத் தொலைவில் தந்தால் என்ன என்று கேட்கலாம். ஆனால் சென்னை நகருக்குள்ளிருந்து தொலைவிலுள்ள பெரும்பாக்கத்திற்கு மாற்றப்பட்டவர்களில் பலர் பிழைப்பையே இழந்தார்கள். பட்டாசு ஆலைகள் நிறைந்த சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இந்தத் தொலைவு உயிர்ப் பிரச்சினை. வேலைக்குப் போக வழியற்ற வீட்டில் கடன் ஏறும். உரிமமின்றிப் பட்டாசுக்கான கருந்திரி திரிக்கும் கூலிவேலை அடுப்படிக்கே வரும், ஒரு பொறியில் வீடே போகும். ஆகவே பட்டா, ஆலைப் பேருந்து நிற்கும் இடத்திற்கு அருகிலும் வெடிமருந்துக் கிடங்குகளிலிருந்து விலகியும் வழங்கப்பட வேண்டும்.