கட்டுமரம் தண்ணீரை விட்டு எழும்பும்போது

படகு பெருசா இருந்தா வேகம் கூடுமா, குறையுமா? கேட்டமரன் வகை இயந்திரப் படகுகளை மட்டும் எடுத்துக்கிட்டு இதைப் பார்க்கலாம். கொஞ்சம் நீளமான த்ரெட். நடுவுல மருத்துவமும் வரும், பொறுமையா வாங்க.

முதல்ல பேரு. கேட்டமரன் என்பது நம்ம கட்டுமரம் தான். சோழமண்டலக் கரையில் பார்த்ததை வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697ல் வெளியான தன் பயண நூலில் எழுத, சொல் ஆங்கிலத்துக்குப் போனது. ஆனா நம்ம கட்டுமரம் மரங்களை ஒட்டிச் சேர்த்துக் கட்டியது. இன்னைக்கு கேட்டமரன்னு சொல்றது ரெண்டு தனித்தனி ஹல், அதாவது படகின் அடிக்கூடு. நடுவுல இடைவெளி, மேலே இணைப்பு. அந்த வடிவத்தில் கைதேர்ந்தவர்கள் பசிபிக் தீவு மக்கள். பேரு மட்டும் தான் நம்முடையது.

ஐரோப்பாவில் இதை ஆரம்பத்திலேயே முயன்றவர்களில் ஒருவர் டாக்டர்! வில்லியம் பெட்டி. 1650ல் ஆக்ஸ்ஃபோர்டில் தூக்கிலிடப்பட்ட ஆன் கிரீன் என்ற பெண்ணின் உடலை அறுக்கக் கொண்டுவந்தப்போ, மூச்சு இருப்பதைக் கவனித்துப் பிழைக்க வைத்தவர்களில் இவரும் ஒருவர். கூட இருந்தவர் தாமஸ் வில்லிஸ். மூளை ரத்தக்குழாய் வளையத்துக்குப் பேரு கொடுத்த அதே வில்லிஸ். இந்தப் பெட்டி 1662ல் அயர்லாந்தில் ரெட்டை ஹல் பாய்மரப் படகு கட்டி, அதைப் பந்தயத்திலும் ஜெயிக்க வெச்சார். பிறகு கட்டிய பெரிய படகு புயலில் மூழ்கிப்போச்சு. 1876ல் அமெரிக்காவில் ஹெரஷாஃப் அமரில்லிஸ் என்ற கேட்டமரனால் ஒற்றை ஹல் படகுகளை எல்லாம் முந்தினார். பாராட்டு கிடைக்கல, தகுதி நீக்கம் தான் கிடைச்சது.

இனி இயந்திரப் படகுகள். அளவு வாரியா எண்களைப் பாருங்க.

6 மீட்டர்: ஃபார்முலா 1 படகு. எடை 390 கிலோ, 400 குதிரைத்திறன். கிலோவுக்கு ஒரு குதிரை! மணிக்கு 220 கி.மீ.க்கு மேல் போகும். 2018ல் அமராவதியில் கிருஷ்ணா நதியில் ஓடியது இதுதான்.

12 மீட்டருக்கு மேல்: கடலில் ஓடும் கிளாஸ் 1. ரெண்டு எஞ்சின், 5 டன் அளவு எடை, 250 கி.மீ. வரை.

15 மீட்டர்: கத்தாரின் அல் அதாம் 96. டர்பைன் எஞ்சின். 2014ல் அமெரிக்காவின் ஓசார்க்ஸ் ஏரியில் மணிக்கு 244 மைல், அதாவது சுமார் 393 கி.மீ.

74 மீட்டர்: ஹோவர்ஸ்பீட் கிரேட் பிரிட்டன். 1990ல் அட்லாண்டிக்கை 3 நாள் 7 மணி 54 நிமிடத்தில் கடந்தது. சராசரி 36.6 நாட், சுமார் 68 கி.மீ.

99 மீட்டர்: அர்ஜென்டினா, உருகுவே நடுவே ஓடும் ஃபிரான்சிஸ்கோ. போப் ஃபிரான்சிஸ் பேரு. 2013 சோதனை ஓட்டத்தில் 58.1 நாட், சுமார் 108 கி.மீ. காரோடு ஏறி உட்கார்ந்துக்கலாம்.

அப்போ 6லிருந்து 15 மீட்டர் வரை ஏறுது, பிறகு விழுது. ஏன்?

பெரிய கப்பல் முழு எடையையும் தண்ணீர் தான் தாங்கணும். கிலோவுக்கு ஒரு குதிரை என்ற கணக்கெல்லாம் அங்கே நடக்காது. பந்தயப் படகு அப்படி இல்லை. ரெண்டு ஹல்லுக்கும் நடுவே உள்ள சுரங்கத்தில் காற்று புகுந்து அடைபட்டு படகையே தூக்குது. தண்ணீரைத் தொடும் பரப்பு குறையும், இழுவை குறையும், வேகம் எகிறும். பாதி படகு, பாதி விமானம்னு வெச்சுக்கோங்க.

பிரச்சினையும் அங்கேதான். வேகம் ரெண்டு மடங்கானா தூக்குவிசை நாலு மடங்கு. ஒரு அலையில் மூக்கு கொஞ்சம் நிமிர்ந்தா அடியில் இன்னும் காற்று ஏறும், இன்னும் நிமிரும், அப்படியே பின்பக்கமா குட்டிக்கரணம். விமானத்துக்கு வால் இருக்கு, இதுக்கு இல்லை. நீளமான ஹல் மெதுவாத்தான் நிமிரும். 6 மீட்டர் படகை உலுக்குற அலையை 15 மீட்டர் படகு தாண்டிப் போய்டும். அந்த 393க்கு எஞ்சின் ஒரு காரணம், நீளம் இன்னொரு காரணம், அலையில்லாத ஏரி மூணாவது காரணம். இந்த மூணாவதை யாரும் பட்டியல்ல எழுதுறதில்லை.

கடல்ல என்ன ஆகும்? 1990 அக்டோபர் 3, மொனாக்கோ அருகே. நடப்பு உலக சாம்பியன் ஸ்டெஃபானோ கசிராகி, வயசு 30, மொனாக்கோ இளவரசி கரோலினின் கணவர், மூணு சின்னக் குழந்தைகளுக்கு அப்பா. மேல்மூடி இல்லாத கேட்டமரன். அலையில் பட்டுக் கவிழ்ந்தது. கூட இருந்தவர் வீசப்பட்டுப் பிழைத்தார். கசிராகி இறந்துட்டார்.

அப்போ வேகம் சுமார் 150 கி.மீ. தான்னு சொல்லப்பட்டது. "தண்ணி தானே" என்று நினைக்காதீங்க. அந்த வேகத்தில் தண்ணீரில் மோதினா சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 9 கிலோ அழுத்தம். 393ல் அது 60 கிலோ. உடம்பு நின்னாலும் உள்ளே இருக்கும் உறுப்புகள் நிற்காது. இதயத்திலிருந்து வளைந்து வரும் மகாதமனியின் ஒரு பகுதி முதுகோடு ஒட்டியிருக்கு, இன்னொரு பகுதி ஆடும். அந்த எல்லையில் கிழியும். நெடுஞ்சாலை விபத்துகளில் வெளிக்காயமே இல்லாம இறந்து வர்றவங்களில் சிலருக்கு இதுதான் காரணம். இதில் தப்பினாலும் மயக்கத்தில் தலைகீழா, தண்ணிக்குள்ள. சில நிமிடம் போதும்.

இதுக்கு விடை ஏற்கெனவே இருந்தது என்பதுதான் வருத்தம். 1984ல் ஒரே ஆண்டில் பல ஃபார்முலா 1 ஓட்டுநர்கள் இறந்த பிறகு, கிறிஸ் ஹாட்ஜஸ் என்ற பிரிட்டிஷ் படகு வடிவமைப்பாளர் ஓட்டுநரைச் சுத்தி உடையாத கூடு ஒன்றை உருவாக்கினார். படகு சிதறலாம், கூடு சிதறக்கூடாது. கடல் பந்தயத்தில் மூடிய அறையும் பெல்ட்டும் கட்டாயமானதுக்கு கசிராகியின் சாவு பெரிய காரணம். இப்போ சுரங்கத்துக்குள் திறக்கும் அடிக்கதவு கூட உண்டு. கவிழ்ந்தா அதுதான் மேல் கதவு. ஆனா 2011 நவம்பரில் அமெரிக்காவின் கீ வெஸ்ட் பந்தயத்தில் சில நாட்களுக்குள் மூணு பேர் இறந்தாங்க. அவங்க படகுகளும் மூடியவை தான்.

அதனால ஃபார்முலா 1ல் ஆமைச் சோதனை என்று ஒன்று வெச்சிருக்காங்க. ஹெல்மெட், பெல்ட் எல்லாம் போட்டு ஓட்டுநரை மாதிரிக் கூட்டில் கட்டி, தண்ணிக்குள் தலைகீழா கவிழ்ப்பாங்க. பெல்ட்டைக் கழற்றி தானே வெளியே வரணும். வராதவருக்கு அந்தப் பந்தயத்தில் படகு கிடையாது.