தேயிலையும் ஏலச் செலவும்

மலையகத் தேயிலையின் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் பயிரைச் சொல்வர், விற்பனையைச் சொல்லார். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1873 இல் லண்டன் சேர்ந்தது 23 இறாத்தல் மாத்திரமே. விளைச்சல் பெருகியபின் சரக்கு கடல் கடந்து மின்சிங் லேன் ஏலத்துக்குச் சென்றது. கப்பற்கூலி, காப்புறுதி, தரகு யாவும் கழிந்த மிச்சமே தோட்டத்துக்கு வந்தது. அதுவும் காலந்தாழ்த்தி வந்தது.

1883 யூலை 30 இல் கொழும்பில் சோமவில் கம்பனியாரின் இடத்தில் முதல் ஏலம் நடந்தது. அடுத்த ஆண்டு அட்டனுக்கும், 1885 இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்தது. வழி குறுகியது, ஆயினும் இடையில் நின்றோர் குறையவில்லை.

தரகர் தேயிலையைச் சுவைத்து மதிப்பிட்டுப் பட்டியலில் ஏற்றுவார். வாங்குவோருக்கு மாதிரி அனுப்பப்படும். மாதிரியாய்ப் போவதும் தோட்டத்தின் தேயிலையே என்பதைப் பலர் எண்ணுவதில்லை. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து வேண்டுமல்லவா? பணமுடைப்பட்ட தொழிற்சாலைக்குத் தரகரே முற்பணம் கொடுப்பார். வட்டி விற்ற பணத்திற் பிடிபடும்.

2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின்போது, கொழும்பு ஏலம் மின்னேலமாயிற்று. கூவிக் கேட்ட குரல்கள் அடங்கின. கணினித் திரையே கூடமாயிற்று. மாதிரியும் களஞ்சியமும் தரகும் வட்டியும் அடங்கவில்லை.

2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாயென வர்த்தமானி அறிவித்தது. தோட்டக் கம்பனிகள் எதிர்த்து நீதிமன்றம் சென்றன. கொழுந்தெடுப்பவளின் கூலியை நாடே பேசிற்று. தரகையும் வட்டியையும் பேசியோர் மிகச் சிலர்.