கல்லுப்பட்டிக்குப் பக்கம் எது, சென்னையா கொழும்பா?

மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் சென்னை என்பார்கள். வரைபடத்தில் நூல் பிடித்து அளந்தால் விடை வேறு. சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 440 கி.மீ. கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 360 கி.மீ. தான்!

அந்தக் காலத்தில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கடற்கரை வரை நடந்தார்கள். தோணியில் மன்னார் போய், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை மறுபடி நடை. காய்ச்சலிலும் காலராவிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

1902-ல் மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ரயில் வந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கடல் வழி சுமார் 35 கி.மீ. கப்பலில் இறங்கி, அந்தக் கரையில் காத்திருக்கும் ரயிலில் ஏறினால் மறுநாள் காலை கொழும்பு. சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட் கொழும்பு வரை செல்லும். இதுதான் 'போட் மெயில்'.

விமானமும் சீக்கிரமே வந்துவிட்டது, ஆனால் மதுரைக்கு அல்ல. 1938-ல் டாடா நிறுவனம் திருச்சி வழியாகக் கொழும்புக்குப் பறந்தது. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. மதுரையில் 1942-லேயே போர்க்கால விமானத்தளம் இருந்தும் கொழும்புக்கு விமானம் ஏற வடக்கே திருச்சிக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருந்தது. தெற்கே போக வடக்கே நடந்த கதை!

1964-ல் இரண்டு அடி விழுந்தது. அக்டோபர் 30-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பயணிகள் ரயில் ஒன்றும் கடலில் போனது. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. தாத்தா போன வழியிலேயே பேரன்கள் திரும்பினார்கள். பிறந்த மண்ணை விட்டு, பார்த்தேயிராத 'சொந்த ஊருக்கு'. மண்டபம் முகாமில் இறங்கியபோது பலருக்கு ஊர்ப் பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாது.

1983 கலவரத்துக்குப் பின் கப்பலும் நின்றுபோனது. 360 கி.மீ. அப்படியேதான் இருந்தது, ஆனால் மதுரைப் பக்கத்து ஆட்களுக்குக் கொழும்பு என்பது எங்கோ ஒரு தூர தேசமாகிவிட்டது. போட் மெயில் காலத்துப் பெரியவர்கள் சொன்னால்தான் அது பக்கத்து ஊராக இருந்த கதை தெரியும்.

2012 செப்டம்பரில் ஸ்பைஸ்ஜெட் மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் விட்டது. மதுரையின் முதல் வெளிநாட்டுச் சேவை அதுதான். வானில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கல்லுப்பட்டியிலிருந்து திருமங்கலம் வழியாக விமான நிலையம் சேரவே அவ்வளவு நேரம் பிடிக்கும். பெட்டி சோதனைக்கும் முத்திரைக்கும் காத்திருப்பது அதைவிட அதிகம். அந்தப் பக்கம் இறங்கி, ஹட்டனில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு மலையேற இன்னும் நாலைந்து மணி நேரம் வேண்டும்.