நஞ்சை எடுத்து எறிந்த இரசாயனம்

ஆனையிறவுக் கடனீரேரிக்குத் தெற்கே கண்டாவளை, முரசுமோட்டை, புளியம்பொக்கணை, தருமபுரம் என்று தொடரும் ஊர்கள் இன்று வயலும் குடியிருப்புமாகத் தெரிகின்றன. இரணைமடுக் குள வேலை 1902இல் தொடங்கி, பின்னர் குடியேற்றத் திட்டங்கள் வந்து சேரும்வரை இந்த வன்னிப் பக்கத்தின் பெரும்பகுதி காடுதான். அந்தக் காட்டில் பாலையும் வீரையும் முதிரையும் நின்ற இடங்களிலேயே காஞ்சூரையும் நின்றது. தமிழ்நாட்டில் எட்டி என்று சொல்லப்படும் மரம் இது. தோடம்பழம் போன்ற அதன் பழத்தின் சதையைக் குரங்கு தின்னும். உள்ளே கிடக்கும் தட்டையான, சாம்பல் நிறமான, பட்டுமயிர் போர்த்த கொட்டையோ மனிதனையும் மாட்டையும் கொல்லும். அதே கொட்டையைத்தான் பரியாரிமார் வாதத்துக்கும் மந்தத்துக்கும் மருந்தாக்கினார்கள். கொல்லும் பொருளை மருந்தாக்குவதற்கு இடையில் அவர்கள் செய்த வேலைக்குச் சுத்தி என்று பெயர். அந்த வேலை சடங்கல்ல, வீட்டு முற்றத்தில் நடந்த உண்மையான பிரித்தெடுப்புப் பரிசோதனை என்பதே என் வாதம். அது ஓர் எல்லைக்கு மேல் வளராமல் போனதற்குக் கருவி இல்லாமை முதற் காரணமல்ல. முடிவுகளைப் பொதுவில் எழுதி வைக்கும் வழக்கம் இல்லாமையே முதற் காரணம்.

கொட்டையின் இயல்பிலிருந்து தொடங்கினால்தான் வேலையின் அருமை விளங்கும். அதில் ஏறத்தாழ 2 முதல் 3 வீதம் அல்கலாய்டுகள் உள்ளன. ஸ்ட்ரிக்னீனும் புரூசினும் அவற்றில் முக்கியமானவை. கொட்டையோ கொம்பைப் போலக் கடினமானது. உலர்ந்த நிலையில் உரலுக்கு எளிதில் மசியாது. எனவே முதலில் ஊற வேண்டும். ஏடுகளிலும் பின்னர் அச்சேறிய வைத்திய நூல்களிலும் வரும் முறைகள் பல. பொதுவான ஒழுங்கு இது: பசுநீரிலோ காடியிலோ நாட்கணக்கில் ஊறவிடுவது, ஊறல் நீரை இடையிடையே கொட்டிப் புதிதாக ஊற்றுவது, தோல் இளகியதும் உரிப்பது, இரண்டாகப் பிளந்து முளையை அகற்றுவது, பாலில் அவிப்பது, சில முறைகளில் நெய்யில் வறுப்பது. இதை இன்றைய இரசாயனக் கண்ணோடு பார்த்தால் ஒவ்வொரு படிக்கும் வேலை இருக்கிறது. அல்கலாய்டு காரத்தன்மை உடையது. காடியின் புளிப்பில் அது உப்பாக மாறி நீரில் கரையும். ஊறல் நீரை மாற்றுவதால் கரைந்தது மீண்டும் கொட்டைக்குள் திரும்பாது; ஒரே தடவை நிறைய நீரில் ஊறவிடுவதைவிடச் சிறிது சிறிதாகப் பல தடவை மாற்றுவது கூடுதலாக இழுக்கும் என்பது ஆய்வுகூட மாணவன் படிக்கும் முதற் பாடங்களில் ஒன்று. சூட்டில் ஸ்ட்ரிக்னீனின் ஒரு பகுதி நச்சுக் குறைந்த வேறு சேர்மங்களாக மாறுவதைச் சீன மருத்துவத்தில் வறுத்துப் பதப்படுத்தும் முறைகளை ஆராய்ந்தோர் கண்டிருக்கிறார்கள். இந்தியச் சுத்தி முறைகளைச் சோதித்த ஆய்வுகளும் ஸ்ட்ரிக்னீன் அளவு குறைவதையும், எந்த ஊடகத்தைப் பயன்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்துக் குறையும் அளவு வேறுபடுவதையும் காட்டியுள்ளன.

ஐரோப்பாவில் இதே காலடிகள் எதிர்த் திசையில் வைக்கப்பட்டன. பாரிசில் பெல்லெத்தியேயும் கவாந்துவும் 1818இல், காஞ்சூரையின் இனத்தைச் சேர்ந்த பிலிப்பைன்ஸ் நாட்டு இக்னேசியஸ் கொட்டையிலிருந்து ஸ்ட்ரிக்னீனைப் பிரித்தார்கள். அடுத்த ஆண்டு புரூசினையும், 1820இல் சின்கோனாப் பட்டையிலிருந்து கொயினாவையும் பிரித்தார்கள். காய்ச்சலில் குடிகள் அழிந்த வன்னிக்குப் பின்னாளில் பெரும் துணையாக வந்த கொயினா இந்த வரிசையில் பிறந்ததுதான். அவர்களுக்குச் சக்கை வேண்டாம், சாரம் வேண்டும். பரியாரிக்குச் சாரத்தில் பெரும்பங்கு வேண்டாம், எஞ்சிய கொட்டை வேண்டும். நோக்கம் வேறாயினும் கேள்வி ஒன்றே: இந்தக் கொட்டைக்குள் இருப்பதை எதனால், எத்தனை தடவையில், எவ்வளவு வெளியே கொண்டுவரலாம்? 19ஆம் நூற்றாண்டில் மதராசிலிருந்தும் கொச்சியிலிருந்தும் கப்பலேறிய எட்டிக்கொட்டை ஐரோப்பிய ஆலைகளில் எலி மருந்தாகவும் குறைந்த அளவில் பலமூட்டும் மருந்தாகவும் மாறியது. இங்கே நிலத்தில் கொட்டப்பட்ட ஊறல் நீரில் இருந்ததே அங்கே விலைப்பொருளாயிற்று.

அளவை இல்லாத வேலையைப் பரிசோதனை என்று அழைக்கலாமா என்பது முதல் மறுப்பு. நியாயமான கேள்வி. ஆனால் அளவை முற்றாக இல்லாமல் இருக்கவில்லை. ஸ்ட்ரிக்னீனின் கசப்பு சில இலட்சம் பங்கு நீரில் ஒரு பங்கு கலந்தாலும் நாக்குக்குத் தெரியும். ஊறல் நீரின் நிறமும் கொட்டையின் இளக்கமும் நகம் இறங்குகிறதா என்பதும் அடுத்த படிக்குப் போகலாமா என்பதைத் தீர்மானிக்க உதவும் அடையாளங்கள். இன்னொரு சான்று முறைகளின் பன்மையே. இந்திய மருத்துவ மரபுகளில் இந்த ஒரு கொட்டைக்கு மட்டும் பசுநீர், காடி, பால், நெய், ஆமணக்கெண்ணெய், இஞ்சிச்சாறு என்று வெவ்வேறு ஊடகங்கள் சொல்லப்படுகின்றன. வெறும் சடங்காக இருந்தால் ஒன்றே போதும். பசுவோடு தொடர்புடையவை புனிதம் கருதியே சேர்ந்தன என்று வாதிடுவோர் காடிக்கும் ஆமணக்கெண்ணெய்க்கும் விளக்கம் சொல்ல வேண்டும். புளிப்பு, கொழுப்பு, சூடு என்று மூன்று வழிகளையும் ஒரு மரபு முயன்றிருக்கிறது என்றால், பலர் பல காலம் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். இனம் ஒன்றாயினும் குணம் வேறான மரங்களைப் பிரித்தறிந்த கவனமும் இதோடு சேர்கிறது. காஞ்சூரையின் நெருங்கிய உறவான தேற்றாவின் கொட்டையைக் கலங்கிய நீரைத் தெளிவிக்கப் பாத்திரத்தில் உரைத்தார்கள். கலித்தொகைக் காலத்திலேயே அறியப்பட்ட பழக்கம் அது.

இரண்டாவது மறுப்பு வலுவானது: இந்த முறைகள் அவ்வளவு நல்லவை என்றால், ஏன் விபத்துகள்? ஏன் முறைக்கு முறை முடிவு மாறுகிறது? இதை மறுக்க முடியாது. மறுப்பதால் மரபுக்குப் பெருமையும் இல்லை. கசப்பு என்பது நஞ்சின் அளவுகோல் அல்ல. புரூசினும் கசக்கும், ஆனால் அது ஸ்ட்ரிக்னீனைவிடப் பல மடங்கு நச்சுக் குறைந்தது. நாக்கு இரண்டையும் வேறுபடுத்தாது. முளையை அகற்ற வேண்டும் என்ற விதியையும் பாருங்கள். கொட்டையின் எடையில் முளை மிகச் சிறியது, அல்கலாய்டில் பெரும்பங்கு பருப்பில்தான் இருக்கிறது. முளையை எடுத்ததனால் மட்டும் கொட்டை பாதுகாப்பாகிவிடாது. ஆனாலும் அந்த விதி ஊறல், அவியல் ஆகியவற்றுக்குச் சமமான மதிப்போடு தலைமுறை தாண்டி வந்தது. எந்தப் படி எவ்வளவு நஞ்சை எடுத்தது என்று தனித்தனியே கணக்கு வைத்தவர் இல்லாததால், வேலை செய்த படியும் செய்யாத படியும் ஒன்றாகவே கையளிக்கப்பட்டன. இந்தியச் சட்டம் சித்த, ஆயுர்வேத நச்சுப் பொருட்களின் பட்டியலில் எட்டியைச் சேர்த்து, மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையை மருந்தின் ஒட்டுச்சீட்டில் கேட்பதும் இதனால்தான். வீட்டில் எவரும் செய்து பார்க்கத்தக்க கைவைத்தியம் அல்ல இது.

எழுத்தே இல்லாத சமூகமா இது என்றால், அல்ல. யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரமும் பரராசசேகரமும் பெரும் வைத்தியத் தொகுப்புகள். ஆனால் அவை எழுதி வைத்தது முடிந்த முறையை. தோற்ற முயற்சி, இறந்த நோயாளி, மாற்றிப் பார்த்த அளவு என்பவை செய்யுளுக்குள் வரவில்லை. பரியாரியின் கைப்பக்குவமோ குடும்பத்துக்குள் நின்றது. புளியம்பொக்கணை நாகதம்பிரானை நம்பி நேர்ந்துகொள்ளும் பக்கத்தில் விஷகடி வைத்தியம் எவ்வளவு அவசியமானது என்று சொல்லத் தேவையில்லை. அங்கும் மருந்து மறைபொருளாகவே காக்கப்பட்டது. இரகசியம் வைத்தியரின் மதிப்பையும் பிழைப்பையும் காத்தது, தகுதியற்றவர் கையில் நஞ்சு போகாமலும் தடுத்தது. இந்த நியாயத்தை ஏற்கலாம். அதற்குக் கொடுத்த விலையையும் எண்ண வேண்டும்: பத்து வீட்டில் பத்துப் பேர் கண்ட பிழை பத்துத் தடவை திரும்ப நடந்தது. பெல்லெத்தியேயின் முடிவு அச்சில் வந்ததும் வேறு நாட்டவர் அதைச் சோதித்தார்கள், திருத்தினார்கள். ஸ்ட்ரிக்னீனின் அமைப்பை 1946இல் ராபர்ட் ராபின்சன் முன்வைத்ததும், 1954இல் வுட்வர்ட் அதைச் செயற்கையாக ஆக்கியதும் அந்தப் பொதுக் கணக்கின் தொடர்ச்சி.

இரண்டு இரசாயனங்களும் சந்தித்திருக்கக்கூடிய ஒரு தருணம் வடக்கிலேயே வந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1860களிலிருந்து தமிழிலேயே கற்பித்தார். இரசாயன நூல் ஒன்று அவர் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்ற பெயரில் 1875இல் தமிழில் வெளிவந்தது. ஆனையிறவைத் தாண்டினால் வன்னி. தமிழில் இரசாயனம் படித்த ஒருவர் பரியாரியின் ஊறல் பானையை அளந்து பார்க்க மொழி தடையாக இருந்திராது. ஆனால் கிறீன் 1873இல் நாடு திரும்பினார். மேலைமருத்துவக் கல்வி ஆங்கிலத்துக்குப் போயிற்று. பரியாரியின் பாடம் ஏட்டிலேயே நின்றது. கிறீனுக்கே நாட்டு வைத்தியத்தின்மேல் மதிப்புக் குறைவு என்று சிலர் சொல்லலாம். இருக்கட்டும். கருவி கையில் இருந்தால் அதைக் கொடுத்தவரின் கருத்தை ஏற்க வேண்டியதில்லை.

வீட்டுக்குள் மட்டும் வைத்த அறிவு வீட்டோடு போகும் என்பதைப் போரின் இறுதிக் கட்டமான 2009இன் தொடக்கம் வன்னிக்குக் காட்டியது. கண்டாவளையும் தருமபுரமும் அப்போது வெறுமையாகின. 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டமும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1980களில் தொடங்கிய சித்த மருத்துவக் கல்வியும் இந்த அறிவுக்குப் பொது இடத்தைத் தந்துள்ளன. இனி வேண்டியது புகழ்ச்சியல்ல. எஞ்சியிருக்கும் ஒவ்வொரு சுத்தி முறையையும் கொட்டை வந்த காடு, ஊறிய நாள், நீர் மாற்றிய தடவை, இறுதியில் எஞ்சிய ஸ்ட்ரிக்னீன் என்ற நான்கு விவரங்களோடு பதிவு செய்ய வேண்டும். பயனில்லாத படிகளையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். முன்னோரின் திறமைக்கு மதிப்பளிப்பது அவர்கள் செய்ததை அப்படியே திரும்பச் செய்வதல்ல, அவர்கள் எழுதாமல் விட்ட கணக்கை எழுதி முடிப்பது.